அக்கா வீட்டு எண்

எங்கள் வீட்டுக்கு இணைய இணைப்புக் கொடுத்தபோது நிறுவனம், பெயருக்கு எண் சொல்லும் ஒரு டிஎன்எஸ் ஆளையும் சேர்த்து அனுப்பியது. பெயர் தணிகாசலம். செருப்பு அலமாரியின் மேல்தட்டில் உட்கார்ந்திருப்பார்.

இந்த ஊரில் வீடுகளுக்கு எண் மட்டும்தான். தெரு கிடையாது. யாரைப் பார்க்க வேண்டுமோ அவர் பெயரைத் தணிகாசலத்திடம் சொல்ல வேண்டும். அவர் எண்ணைச் சொல்வார். எண்ணைக் கேட்டதும் கால்கள் தாமாகப் போய்விடும்.

வியாழக்கிழமை காலை, "பிரபாவதி" என்றேன். என் அக்கா.

"அப்படி யாரும் இல்ல சார்."

"போன வாரம் இருந்தாளே."

"போன வாரம் இருந்தாங்க. இப்ப அந்தப் பேரே இல்ல. ஒரு மெத்தைக் கடை இருக்கு. அனுப்பட்டுமா?"

இல்லாத பெயரைக் கேட்டால் அவர் மெத்தைக் கடைக்குத்தான் அனுப்புவார். எங்கள் வீட்டில் ஏழு மெத்தைகள் இருக்கின்றன.

வியாழக்கிழமைகளில் நான் அக்கா வீட்டில் சாப்பிடுவேன். சாப்பிடும்போது பேசிக்கொள்ள மாட்டோம். என்னோடு இப்படிப் பேசாமலிருக்க எனக்கு வேறு யாரும் இல்லை. எட்டாவது மெத்தையை வாங்குவதில்லை என்று முடிவு செய்தேன்.

ஆளை மாற்றும் அலுவலகத்தின் எண்ணைக் கேட்டேன். அதை மறைக்க அவருக்கு அனுமதி இல்லை. வாய்க்குள்ளேயே சொன்னார்.

அலுவலகத்தில் ஒரு நடைவழி. நான் நடக்க நடக்க அது நீண்டது. நின்றேன். அதுவும் நின்றது. அங்கே மேசை போட்டு ஒரு அம்மாள் படிவம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"பொது ஆளுங்க உள்ள இருக்காங்க. ஒருத்தரைத் தேர்ந்தெடுங்க. எல்லாரும் இலவசம்."

முதல் ஆள் மிக வேகமானவர். நான் வாயைத் திறக்குமுன் ஒரு எண்ணைச் சொன்னார்.

"யார் எண் இது?"

"பல் டாக்டர். அடுத்த மாசம் உங்களுக்கு வலிக்கும்."

"எப்படித் தெரியும்?"

"நீங்க கேக்குறதையெல்லாம் எழுதி வெச்சுக்குவேன். ரெண்டு நாள்ல கிழிச்சிடுவேன்." அவருக்குப் பின்னால் கூரைவரை நோட்டுகள் இருந்தன.

இரண்டாம் ஆள் குடும்பங்களுக்கு ஏற்றவர். வெள்ளைக் கையுறை போட்டிருந்தார்.

"உங்க அக்கா எப்படிப்பட்டவங்க?"

"திட்டுவாள்."

"அப்போ வேணாம். உங்க நல்லதுக்குத்தான்."

மூன்றாமவர் எதையும் எழுதுவதில்லை. அவரிடம் அக்காவின் பெயரைச் சொன்னேன். "யாரு?" என்றார். மறுபடி சொன்னேன். "நீங்க யாரு?" என்றார்.

படிவத்தைத் திருப்பிக் கொடுத்தேன். "யாரும் வேண்டாம். நானே கேட்டுக்கொள்கிறேன்."

அந்த அம்மாள் பேனாவை மூடினார். "யார்கிட்டப் போய்க் கேப்பீங்க?"

"எல்லாவற்றுக்கும் மேலே இருப்பவர்களிடம்."

"மேல பதிமூணு பேர் இருக்காங்க. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது சார். யாருக்குத் தெரியும்னு மட்டும்தான் தெரியும்."

"அது போதும்."

"ரொம்ப நடக்கணும். மூட்டு வலிக்கும்."

"வலிக்கட்டும்."

பதின்மூன்று பேரும் ஒரே பெஞ்சில் இருந்தார்கள். அக்காவின் பெயரைச் சொன்னேன். "எங்களுக்குத் தெரியாது. தெற்கே கேளுங்க" என்று பதின்மூன்று பேரும் ஒரே குரலில் சொல்லி ஒரு எண்ணைக் கொடுத்தார்கள். தெற்கே ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "எனக்குத் தெரியாது. 'ப'வில தொடங்குற பேருங்கள ஒருத்தர் பாத்துக்கறாரு" என்று அவர் எண்ணைச் சொன்னாள். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். நான் எதிரே உட்கார்ந்தேன். எழுப்பவில்லை. வெகுநேரம் கழித்துக் கண் திறந்து, கேட்காமலே எண்ணைச் சொன்னார்.

அக்கா கதவைத் திறந்தாள். அவள் வீட்டு வாசலிலும் ஒரு ஆள், ஸ்டூலில்.

"கோமதிநாயகம்னு யாருமே இல்லம்மா," என்றார் அவர், அந்தப் பெயர்க்காரனான என்னைப் பார்த்தபடி. "காலையில இருந்து சொல்லிட்டிருக்கேன்."

"காலையிலிருந்து கேட்டுட்டுத்தான்யா இருக்கேன்," என்றாள் அக்கா. பிறகு என்னிடம், "கைய கழுவிட்டு உள்ள வாடா. இல்லாதவன் எவ்வளவு திங்கறான்னு பாப்போம்."

இலை போட்டாள். வாசலில் அந்த ஆள் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் ரசத்துக்கு மூன்றாவது முறையாகச் சோறு கேட்டேன்.