படிக்கப் படிக்கத் தீர்கிற அப்பா

எங்கள் ஆய்வகத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சொந்தக்காரர்களின் மாதிரியை யாரும் தொடக்கூடாது. கை நடுங்கும், கண் தான் ஆசைப்பட்டதையே பார்க்கும் என்பதுதான் காரணம். அதனால் அப்பாவின் இதயத்திலிருந்து எடுத்து வைத்திருந்த கடைசித் துணுக்கை கூட வேலை செய்யும் ஆமை அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டு, நான் கண்ணாடிச் சுவருக்கு வெளியே ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஆமை என்பது நாங்கள் வைத்த பெயர். அது அவருக்கும் தெரியும். கோபித்துக்கொள்வதென்றாலும் அவர் நிதானமாகத்தான் கோபித்துக்கொள்வார்.

எனக்கோ பொறுமை என்பது அறவே கிடையாது. கொதிக்காத தண்ணீரைக்கூடத் திட்டுகிற ஜாதி நான்.

அப்பாவின் இதயத்தில் ஒரு புரதம் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து, தசை விறைத்து, ஒரு நாள் இதயமே நின்றுவிட்டது. வயதானால் யாருக்கும் படியக்கூடிய சாதாரணப் புரதமா அது, அல்லது அதில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறிப்போய்ப் பரம்பரையாக இறங்குகிற வகையா? அதைத்தான் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பரம்பரை என்றால் அது என்னிடம் இருக்கலாம், தம்பியிடம் இருக்கலாம், இரண்டு பேரிடமும் இருக்கலாம்; அப்போது எங்கள் ரத்தத்தையும் பார்க்க வேண்டும் என்று தம்பிக்கும் சொல்லியிருந்தேன்.

தம்பி முன்பே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான்.

"எனக்குச் சொல்லாதக்கா. நல்லதா இருந்தாலும் சொல்லாத."

"நல்லதுன்னா சொன்னா என்னடா கெட்டுப்போச்சு?"

"நல்லதுன்னா மட்டும் சொல்லுவேன்னு வச்சுக்க. அப்புறம் நீ பேசாம இருந்தா அதுவே சொன்ன மாதிரிதானே?"

பிறந்ததிலிருந்து மண்டு என்று நான் நினைத்திருந்தவன் கேட்ட கேள்வி அது. எதுவும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

உள்ளே ஆமை அண்ணன் வேலையை ஆரம்பித்திருந்தார். புரதம் என்பது அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த மாலை. அதன் ஒரு முனையைக் கண்ணுக்கே தெரியாத ஒரு மணியில் ஒட்டிவிடுவார்கள். மறு முனையில் இருக்கும் அமிலம் எதுவோ, அதை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் மூலக்கூறு ஒன்று வந்து உட்காரும். அது தன் முதுகில் ஒரு சின்ன டிஎன்ஏ துண்டைச் சுமந்து வரும். கடைச் சாமானில் ஒட்டிய பார்கோடு போல, இன்ன அமிலம், இன்ன இடம் என்று சொல்லும் துண்டு. அந்தக் குறி மணியின் பக்கத்தில் நிற்கும் டிஎன்ஏ இழையில் பதிந்ததும், வந்தவரைக் கழுவி அனுப்பிவிட்டு, முனை அமிலத்தை வெட்டி எறிந்துவிடுவார்கள். பிறகு அடுத்தது. கடைசியில் மாலை இருக்காது, குறிகள் மட்டும் வரிசையாக நிற்கும். அவற்றை எந்திரம் படித்துச் சொல்லும்.

அதாவது, படிக்கப் படிக்க அப்பா தீர்ந்துகொண்டிருந்தார். இது என் தொழில்தான், தினமும் செய்வதுதான். ஆனால் அன்றைக்குத்தான் எனக்கு அது உறைத்தது.

குளிர்பெட்டியின் ரீங்காரத்தில் கண் சொக்கியது. மத்தியான வெளிச்சம் கண்ணாடியில் தண்ணீராக ஆடியது. அந்தத் தண்ணீருக்கு அடியில் அப்பா சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தார். மேலெல்லாம் வெள்ளைச் சீட்டுகள். ஆமை அண்ணன் அவர் விரல்களை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் பதிலாக ஒரு சீட்டை ஒட்டினார். அப்பாவுக்கு வலிக்கவில்லை. "மெதுவா எடுங்க, அவசரமில்ல," என்றார். கைகள் போயின, தோள்கள் போயின. சீட்டுகள் மட்டும் அப்பாவின் உருவத்திலேயே காற்றில் நின்றன. நான் போய்க் கட்டிக்கொண்டேன். காகிதம் சரசரத்தது.

"எந்திரிம்மா," என்று ஆமை அண்ணன் தோளைத் தொட்டார். குறிகளை எந்திரம் படித்து முடித்திருந்தது.

திரையில் வரிசை ஓடியது. நடுவில் ஒரு இடத்தில் பாதி மாலைகளில் வழக்கமான அமிலம். மீதிப் பாதியில் வேறு ஒன்று.

உடனே என் வாய் முந்திக்கொண்டது. "நீங்க சரியா கழுவல. முந்தின சுத்துல வந்த குறி ஒட்டிக்கிட்டு நின்னிருக்கும். தூங்கிட்டே கழுவினா இப்படித்தான்."

புரதமே ஒட்டாத வெறும் மணிகளையும் கூடவே அதே தண்ணீரில் கழுவுவது எங்கள் வழக்கம். கழுவலில் குறை இருந்தால் அவற்றிலும் குறிகள் ஒட்டியிருக்கும். ஆமை அண்ணன் அந்த வெறும் மணிகளின் பக்கத்தைத் திறந்து காட்டினார். துடைத்துவிட்டது போலச் சுத்தமாக இருந்தது.

"அப்பாவுக்கு ஒரு பக்கத்துலேர்ந்து நல்லது, ஒரு பக்கத்துலேர்ந்து மாறினது," என்றார் மெல்ல. "பிள்ளைங்களுக்கு ரெண்டுல ஒண்ணுதான் போகும். எதுன்னு உங்க ரத்தத்தப் பாத்தாதான் தெரியும்."

மன்னிப்புக் கேட்டேன். அவர் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

சாயங்காலம் தம்பி வண்டியில் அழைத்துப்போக வந்தான். வழக்கம்போலத் தாமதம். எனக்கான ஹெல்மெட்டையும் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தான். நான் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டேன். கொடுத்த வாக்கு வாக்குதான்.

"பரவால்லடா," என்றேன். "வழியில கூட்டமா இருந்திருக்கும். மெதுவா நடந்தே போவோம்."

அவன் வண்டியை அணைத்தான். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான்.

"அக்கா, என்னத் திட்டு."

"எதுக்குடா?"

"லேட்டா வந்தேன். ஹெல்மெட்ட மறந்துட்டேன். திட்டேன்."

வாயைத் திறந்தேன். எருமை, சோம்பேறி, தண்டம் என்று தினமும் அவனுக்காகவே வைத்திருக்கும் சொற்களில் ஒன்றுகூட வரவில்லை. கை மட்டும் தானாகப் போய் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தது. இந்தக் கையை என்ன செய்வது என்று ஆத்திரமாக வந்தது.

"நான் ஒண்ணும் சொல்லலடா," என்றேன்.

"நீ ஒண்ணும் சொல்லலக்கா."

அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தான். நானும் பக்கத்தில் நடந்தேன். தெருமுனையில் நின்று, என்னைப் பார்க்காமல் சொன்னான்.

"ரத்தம் குடுக்க எப்போ போறேன்னு சொல்லு, நானும் வர்றேன். ஊசி குத்தும்போது மட்டும் விடாம திட்டிக்கிட்டே இரு."