கலியமூர்த்தி விசாரித்த தெரு

ஞாயிற்றுக்கிழமை காலை. சிதம்பரத்தில், கலியமூர்த்தி வீட்டுப் பின்கட்டில் அவர் மனைவி சௌந்தரம் சங்கரா மீனை ஆய்ந்துகொண்டிருந்தாள். மீன், அவள் தம்பி பொன்னுரங்கம் கடலூர் முதுநகரிலிருந்து கொண்டுவந்தது. அக்கா வீட்டுக்கு வெறுங்கையோடு வருகிற பழக்கம் அவனுக்கு இல்லை. அதிலும் ஏதாவது காரியம் ஆக வேண்டிய நாளில் மீன் கொஞ்சம் பெரிதாகவே இருக்கும்.

காரியம் இதுதான். அவன் மகள் சுவேதாவுக்குச் சென்னையில் வேலை கிடைத்திருந்தது. இன்னும் எட்டு நாளில் சேர வேண்டும். தங்குவதற்குப் பத்திரமான, கைக்கு அடக்கமான வாடகையில் ஓர் இடம் வேண்டும். அந்தக் குடும்பத்தில் இடம் பார்ப்பது என்றால் கலியமூர்த்தியை விட்டால் வேறு ஆள் கிடையாது.

கலியமூர்த்திக்கு மேலவீதியில் எலக்ட்ரிக்கல் கடை. ஆனால் அவருக்குப் பேர் வாங்கித் தந்தது கடை அல்ல, விசாரணை. சொந்தத்தில் எந்தப் பெண்ணுக்கு வரன் வந்தாலும் மாப்பிள்ளையை விசாரிக்க அவரைத்தான் அனுப்புவார்கள். மாப்பிள்ளையின் தெருவில் அரை நாள் சுற்றினால் போதும், பையனின் சம்பளத்திலிருந்து சிகரெட் வரைக்கும் அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்துகொண்டு வந்துவிடுவார். போன வருஷம் மகள் இளவரசிக்குச் சென்னையில் வேலை கிடைத்தபோது தெருவையும் அப்படித்தான் விசாரித்தார். மாப்பிள்ளையோ தெருவோ, விசாரணை ஒன்றுதானே!

சென்னைப் புறநகரில் ஓர் இடம். பேர் வேண்டாம், அங்கேயும் நல்லவர்கள் இருக்கிறார்கள். தெருமுனையில் ஒரு டீக்கடை, பக்கத்தில் பையன்கள் ஆடும் கேரம் போர்டு. கலியமூர்த்தி டீக்கு மேல் டீயாகக் குடித்து எல்லோரையும் விசாரித்தார். "நம்ம ஏரியா சார். ஒரு பிரச்சினையும் கெடையாது. நாங்கல்லாம் இருக்கோம்ல" என்றார்கள். வாடகையும் குறைவு. அன்றைக்கே அங்கே ஒரு வீட்டுக் கீழ்ப்பகுதிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, மனம் குளிர்ந்து ஊர் திரும்பினார்.

"மாமா, சுவேதாவுக்கும் அந்தத் தெருவுலயே ஒரு ரூம் பாத்துடுங்க. கூட இளவரசி இருக்கறா, எனக்குக் கவலை இல்ல" என்றான் பொன்னுரங்கம்.

"பாக்கறது என்னா மச்சான், இளவரசி இருக்கற வீட்லயே மேல்மாடி காலியாத்தான் கெடக்குது. ஓனருக்கு இப்பவே போன் போடறேன். அந்த மாதிரி பத்திரமான தெரு மெட்ராஸ்லயே கெடையாது" என்று போனைக் கையில் எடுத்தார் கலியமூர்த்தி.

அப்பாவோடு வந்திருந்த சுவேதாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இனிமே நாம ரெண்டு பேரும் சேந்தே போலாம், சேந்தே வரலாம்" என்று இளவரசியின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு வார விடுப்பில் வந்திருந்த இளவரசி, குழம்புக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது.

"வேணாம்பா. அந்தத் தெரு வேணாம்."

"ஏன்? என்னா கொறச்சல் அதுல?"

அவள் ஒரேயடியாகச் சொல்லிவிடவில்லை. பாதி சொல்லி நிறுத்தி, மறுபடியும் ஆரம்பித்துச் சொன்னாள்.

"பஸ் ஸ்டாப்புலேருந்து வீட்டுக்கு அந்த டீக்கடைய தாண்டித்தாம்பா போவணும். இருட்டிட்டா ஒரு லைட்டும் எரியாது. கேரம் ஆடறவனுங்க என்னப் பாத்தா பாட்டு பாடுவானுங்க. ரெண்டு வாட்டி பைக்ல வீட்டு கேட்டு வரைக்கும் பின்னாடியே வந்தானுங்க."

"எவனுங்க அவனுங்க?"

"நீங்க விசாரிச்சீங்களே, அவனுங்கதாம்பா."

கலியமூர்த்தியின் முகத்தில் ஈயாடவில்லை.

"இப்பல்லாம் அடுத்த ஸ்டாப்புல எறங்கி, சுத்திக்கிட்டு ஆட்டோவுலதான் வர்றேன். வாடகையில மிச்சமாவறது ஆட்டோவுக்கே போயிடுது."

இத்தனை மாதமும் அவள் இதைத் தனியாகவே சுமந்திருக்கிறாள். தன் மட்டில் விழுங்கிக்கொள்ள முடிந்தது. சுவேதாவின் சிரித்த முகத்தைப் பார்த்த பிறகு முடியவில்லை.

கலியமூர்த்திக்கு நெஞ்சு பதறியது. பெற்றவர்களுக்குப் பதற்றம் வந்தால் கோபத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வெளியே வரும்.

"நீ அங்க போவவே வேணாம். வேலையும் வேணாம், ஒன்னும் வேணாம். நாளைக்கே எழுதிக் குடுத்துட்டு வந்துடு!"

"இவளும் போவ வேணாம் மாமா. கடலூர்லயே ஏதாச்சும் பாத்துக்கறோம்" என்றான் பொன்னுரங்கம். சுவேதாவின் முகம் வாடிவிட்டது. ஒரு நிமிஷத்தில் இரண்டு பெண்களின் வேலையும் அந்தக் கூடத்தில் பறிபோனது.

"இதுக்குத்தாம்பா சொல்லல" என்றாள் இளவரசி. "சொன்னா வேலைய விட்டுட்டு வான்னுதான் சொல்லுவீங்கன்னு தெரியும். தப்பு பண்ணவன் அங்கயே உக்காந்து டீ குடிப்பான். நான் மட்டும் மூட்டையக் கட்டணுமா?" அதற்கு மேல் அவளால் அழுகையை அடக்க முடியவில்லை.

சௌந்தரம் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"ஏங்க, மாப்ளய பத்தி அவன் கூட்டாளிங்கள கேட்டா தங்கம்னுதான் சொல்லுவானுங்க, அக்கம்பக்கத்துப் பொம்பளைங்கள கேளுன்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்க. நம்ம பொண்ணு நடக்கற தெருவுக்கு மட்டும் ஏங்க ஆம்பளைங்கள விசாரிச்சீங்க?"

அவ்வளவு நல்ல மீன் குழம்பு, ஆனால் அன்று யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. கை கழுவியதும் கலியமூர்த்தி மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எனக்குத் தோணவே இல்லம்மா. நானும் அந்தத் தெருவுல நடந்துதான் பாத்தேன். ஒன்னுமே தெரியல."

"உங்களப் பாத்து எவம்பா பாட்டு பாடப் போறான்?" என்றாள் இளவரசி. அழுத கண்ணோடு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. மகளின் தலையைத் தடவிக் கொடுத்தபோது அவர் கண்ணும் கலங்கியது.

சனிக்கிழமை, இரண்டு அப்பாக்களும் இரண்டு பெண்களுமாகச் சென்னைக்குப் போனார்கள். பழைய தெருவுக்கு உரிய காவல் நிலையத்தில் இளவரசி புகார் எழுதிக் கொடுத்தாள். எழுதி முடிக்கும் வரை கலியமூர்த்தி அவள் கூடவே நின்றார். பிறகு வீடு தேடினார்கள். வேண்டுமென்றே விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தெருவைப் பார்க்கப் போனார்கள். விசாரித்தது பெண்கள் இருவரும்தான். ஒரு தெருவில் பூக்காரம்மா, "வாடகை கம்மிதான், ஆனா இங்க வேணாம் கண்ணு" என்று காதோடு சொல்லி அனுப்பினார்.

வேறொரு தெருவில் விளக்குகள் எரிந்தன. வேலை முடிந்து வரும் பெண்கள் அவசரமில்லாமல் தள்ளுவண்டியில் கீரை பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். "எட்டு, ஒம்பது மணிக்கும் நடந்துதான் வர்றோம். ஒரு பயமும் இல்ல" என்றார்கள். அங்கே ஒரு சின்னப் போர்ஷன் கிடைத்தது. வாடகை கொஞ்சம் ஜாஸ்திதான். ஆனால் இரண்டு பேர் பகிர்ந்துகொண்டு, ஆட்டோ செலவும் நின்றபோது, பழைய கணக்கைவிடக் குறைவாகவே வந்தது.

ஊருக்குக் கிளம்பும்போது கலியமூர்த்தி வாசல் வரை போய், மகளிடம் திரும்பி வந்தார்.

"இங்கயும் எவனாச்சும் வாலாட்டினா மறைக்காம சொல்லும்மா. வேலைய விட்டுட்டு வான்னு இனிமே இந்த அப்பன் சொல்லமாட்டான். தெரு சரியில்லன்னா தெருவத்தான் மாத்தணும், பொண்ணோட பொழப்ப மாத்தக் கூடாது. பயமா இருக்குதுன்னு பொண்ணு பயப்படாம சொல்லணும். அப்படி சொல்ல முடியாத வீட்ல இருந்துக்கிட்டு, நான் பத்திரமான தெருவ தேடிப் போனேன் பாரு!"