முதுகில் கோபுரக்கரை

1973ஆம் ஆண்டு ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, சம்பூர்ணத்தின் இடது தோளில் பித்தளைக் குமிழ் ஆணி ஒன்று முளைத்தது. அன்று சந்தையில் கத்தரிக்காய் மலிவு. வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு தோள்களும் நிறைந்து, ஆணிகள் முதுகில் இறங்கிவிட்டன. வலி எதுவும் இல்லை.

முசரவாக்கம் போகும் சாலையில் ஒரு தோல் கொட்டகை இருந்தது. சீமையில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் பையன்கள் கறுப்புத் தோல் சட்டையில் குமிழ் ஆணி அடித்துப் போட்டுக்கொள்வதாகவும், எவனும் கிட்டே வரக் கூடாது என்பதற்காகவே அப்படி என்றும் மேஸ்திரி சிட்டிபாபு சொன்னார். சீமைக்குப் போகும் அந்தச் சட்டைகளில் 1966 முதல் சம்பூர்ணம் அங்கே ஆணி அடித்தாள். விடிந்ததும் கணவன் ராஜவேலுவின் பட்டுத்தறிக்குப் பாவு என்னும் நெடுக்கிழைகளை நீட்டிப் பிடிப்பாள், பிறகு கொட்டகை, திரும்பியதும் உலை வைப்பாள். தோலைத் தொட்ட கையால் பட்டைத் தொடலாமா என்று தெருவில் பேசினார்கள். பேசிப் பேசி ஓய்ந்தார்கள்.

முதல் ஆர்டருக்கு வந்த படத்தில் இடது தோளில் மட்டும் ஒரு சிறு முக்கோணம் இருந்தது. சேலை டிசைன் தாளில் ஒன்றை வரைந்தால் கரை முழுக்க அதையே நெய்ய வேண்டும். அந்தப் பழக்கத்தில் சம்பூர்ணம் சட்டையைச் சுற்றிலும் முக்கோணம் முக்கோணமாக அடித்துக் கோபுரக்கரையே வைத்துவிட்டாள். கப்பல் போன பிறகுதான் தவறு தெரிந்தது. நாலு மாதத்தில், இனி எல்லாம் அப்படியே வேண்டும் என்று கடிதம் வந்தது. மோட்டார் சைக்கிள் பையன்களுக்குப் பிறகு பாட்டுக்காரர்கள் போட்டார்கள், அதன்பின் எந்த வேலைக்கும் போக மறுத்தவர்கள், பிறகு பெண்கள். ஏழு வருடம் போனது.

அவள் முதுகில் முளைத்ததும் அதே கோபுரக்கரைதான். தெருவில் பாவு நீட்டியபோது அவள் குனிந்தாள். பட்டிழைகள் ஆணிகளில் சிக்கி அறுந்தன. அதோடு அவளைப் பாவுப் பக்கம் யாரும் கூப்பிடவில்லை. பிள்ளைகள் முதுகில் ஏறவில்லை. அவள் தோளில் சாய்ந்தே அழுது பழகிய நாத்தனார் ஜெயம்மாள் சுவரில் சாய்ந்து அழுதாள். ராஜவேலு பாயைத் தள்ளிப் போட்டுக்கொண்டான். இத்தனை வருடமும் உடம்பின் அலுப்பு என்று அவள் நினைத்திருந்தது, மற்றவர்களின் பாரம். அது இறங்கிய இடத்தில் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாமை அவளுக்குப் பிடித்திருந்தது.

பத்தாம் நாள் ஜெயம்மாள் குறடு கொண்டுவந்து ஓர் ஆணியை இழுத்தாள். பழத்திலிருந்து கொட்டை வருவதுபோல் வந்தது.

“பாருண்ணா, தானா வந்துக்கினு இருக்குது!”

“எல்லாத்தையும் எடுத்துடும்மா. நாளைக்குப் பாவு இருக்குது,” என்றான் ராஜவேலு.

சம்பூர்ணம் திரும்பாமலே சொன்னாள். “வெச்சிடு ஜெயா. அந்த ஒண்ணையும் இருந்த எடத்துலயே வெச்சிடு.”

“இன்னா அண்ணி, கோயில் யானையாட்டம் குமிழு வெச்ச பட்டம் கட்டிக்கினு திரியப் போறியா?”

“யானையப் பாவு புடிக்க யாரும் கூப்படறதில்லமா.”

ராஜவேலு பக்கத்து வீட்டுக்காரரைப் பாவு பிடிக்க அழைக்கப் போனான். ஜெயம்மாள் ஆணியை அழுத்தினாள், பொருந்திக்கொண்டது.

அடுத்த வைகாசி கருட சேவையன்று, மூச்சுவிட இடமில்லாத கூட்டத்தில் சம்பூர்ணத்தைச் சுற்றி ஒரு முழ இடம் காலியாக இருந்தது. அவள் அதில் நின்றபடியே தூங்கினாள். சாமிக்குக் குடை பிடித்து வந்தவர்கள் சற்று ஒதுங்கிப் போனார்கள். யாரும் எழுப்பவில்லை.