கை மூடும் வரை

பழைய திருச்சபை இசை இந்த யுகத்தில் உயிரோடு இருப்பதற்குக் காரணம் பாடகர் குழு நடத்துநர் ஒருவரின் வலது கை. கச்சேரி அழைப்பிதழில் அப்படித்தான் அச்சடித்திருந்தார்கள். அந்தக் கையைத் தினமும் காலையில் சட்டைக்குள் நுழைப்பது அவர் மனைவியின் வேலை என்பதை அச்சடிக்கவில்லை. இடம் போதவில்லை போலும்.

"மெதுவா! ஒடிச்சிடாதே."

"இது கையா, துருப்பிடிச்ச கதவா? விறைக்காதீங்க, தளர விடுங்க."

தோள் இறுகிப்போய் ஆறு மாதமாகிறது. மேலே போன கை சில நேரம் இறங்க மறுக்கும்; வலியில் விரல்கூட மடங்காது. டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னார். நடத்துநர் ஓய்வெடுத்தால் அந்த இடத்தில் துணை நடத்துநர் நிற்பார்: இளைஞர், நல்ல தோள். குழுவை இனி யார் நடத்துவது என்று நிர்வாகிகள் இன்றைய கச்சேரியைக் கேட்டுவிட்டு முடிவு செய்யப்போகிறார்கள்.

"தோள் விஷயம் வெளியே போச்சுன்னா என் கதை முடிஞ்சுது. நீ வாயத் திறக்காதே."

"பாட வர்றவளப் பார்த்து வாயத் திறக்காதேங்கறீங்களே."

குழுவில் பெண்களின் கீழ்க்குரல் வரிசையில் அவளும் பாடுகிறாள். தேவாலயத்தின் சாமான் அறையில் நாலு பேரை வைத்து அவர் ஆரம்பித்தபோது அந்த நாலில் ஒருத்தி. வாத்தியமே கூடாது, லத்தீன் மட்டும்தான், கடந்த நானூறு வருஷத்தில் எழுதியதெல்லாம் நேற்று வந்த சத்தம் என்பது அவர் கொள்கை. மகளின் முதல் பிறந்தநாளுக்கும் லத்தீனில்தான் பாட வைத்தார். குழந்தை பயந்து அழுதது.

குழுவுக்கு ஒரே சட்டம். "என் கை மூடுற வரைக்கும் கடைசிச் சுரம் நிக்கக் கூடாது. மூச்சு முட்டுச்சுன்னா, பக்கத்துல இருக்கறவர் பாடும்போது திருட்டுத்தனமா வாங்கிக்குங்க." ஒருமுறை சற்று முந்தி நிறுத்திவிட்ட ஒருவரை அன்றே வெளியே அனுப்பினார். அவர் இப்போது கல்யாணக் கச்சேரிகளில் பாடி, தொப்பையும் தொந்தியுமாகச் செழிப்பாக இருக்கிறார்.

கச்சேரி நன்றாகவே போனது. கல் சுவர்கள் ஒவ்வொரு குரலையும் வாங்கி மெருகேற்றித் திருப்பித் தந்தன. முன்வரிசை நிர்வாகிகள் கண்களை மூடிக்கொண்டார்கள். கடைசி ஆமென் வந்தது. வலது கை தலைக்கு மேலே போனது. அங்கேயே நின்றுவிட்டது, விரல்கள் விரிந்தபடி.

குழு பாடியது. கை மூடவில்லை. குழு மேலும் பாடியது. ஆண்கள் முறை வைத்து மூச்சைத் திருடினார்கள். மேல்குரல் பெண்கள் தக்காளியாகச் சிவந்தார்கள். நிர்வாகிகள் ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்தார்கள். ஓரத்தில் உட்கார்ந்திருந்த துணை நடத்துநர் பாதி எழுந்தார்.

நடத்துநரின் கண்கள் மனைவியைத் தேடின. மேடையில் அவளை அவர் பார்த்ததெல்லாம் சுருதி பிசகிய சமயங்களில்தான்.

அவள் வரிசையை விட்டு இறங்கி வந்தாள், பாடிக்கொண்டே. சட்டம் சட்டம்தானே. ஒரு கையை அவர் தோளில் வைத்தாள். இன்னொன்றை முழங்கைக்கு அடியில் கொடுத்தாள். தூங்கிவிட்ட பிள்ளையைத் தோளிலிருந்து படுக்கைக்கு மாற்றுவதுபோல, அசங்காமல் அந்தக் கையை இறக்கினாள். பிறகு அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.

சுரம் நின்றது.

எங்கும் ஒரு தும்மல்கூட இல்லை. அப்புறம் கூட்டம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. தலைமை நிர்வாகி மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஓடிவந்தார்.

"இது அந்தக் காலத்து முறைதானே, சார்? இப்பல்லாம் யாருமே செய்யறதில்ல!"

"ஆமா," என்றார் நடத்துநர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"உங்க கண்ணுலயும் தண்ணி! இன்னும் மூணு வருஷம் நீங்கதான் நடத்தணும்."

பின்னறையில் அவள் கதவைச் சாத்தினாள்.

"வலிக்குதா?"

"இல்ல."

"பொய்."

"ஆமா." தோளைத் தடவிக்கொண்டார். "கடைசில நீ கால் சுருதி இறங்கிட்ட."

"உங்க கைய இறக்கறதுக்குள்ள எனக்கு உசுரே இறங்கிடுச்சு. சுருதிதானே, போகட்டும்."

அவர் நெற்றியை அவள் தோளில் சாய்த்தார். "நீ வரலன்னா என்ன ஆயிருக்கும்?"

"என்ன ஆகும்? காலைல காப்பி குடிக்கிற வரைக்கும் பாடிட்டே இருந்திருப்போம். கைய நீட்டுங்க."

கை நீளவில்லை. கோட்டு கழலவில்லை. கடைசியில் அவள் ஒப்பனைப் பெட்டியிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து, காலரிலிருந்து மணிக்கட்டு வரை நறுக்கித்தான் அவரை வெளியே எடுத்தாள்.

அது துணை நடத்துநரின் கோட்டு. தோள் தாராளமாக இருக்கிறதென்று அன்று சாயங்காலம் இரவல் வாங்கியது.