தொண்ணூற்றேழாம் நாள்

தீவில் நாலு நாளாகக் காற்று செத்துக் கிடந்தது. மூன்று காற்றாலைகளும் அசையவில்லை. ஜனவரி வெயில் சோலார் பலகைகளுக்கு மூக்குப்பொடி அளவுக்குக்கூடக் காணாது. பேட்டரியில் மிச்சம் முப்பத்தொரு சதவீதம்.

மின்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் இஷ்பெல் படகுத்துறையில் சிவப்பு விளக்கைப் போட்டிருந்தாள். சிவப்பு எரிந்தால், கரண்ட் குறைவு என்று பதினொரு வீடுகளும் விளக்கு, அடுப்பு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அணைத்துவிடும். ஏன் என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

டீசல் ஜெனரேட்டரைத் தொடாமல் நூறு நாள் ஓட்ட வேண்டும். இன்று தொண்ணூற்றேழு. "காத்தையும் வெயிலையும் நம்பி ராப்பகலா கரண்ட் குடுப்பீங்களோ?" என்று ஸ்காட்லாந்துக் கரையில் இருப்பவர்கள் சிரித்தபோது, அவள் புருஷன் ரூரி விட்ட சவால் அது. அவன் இருந்தவரை நாற்பது நாளைத் தாண்டியதில்லை. அவனுடைய ஆக்சிஜன் மெஷின் நின்றுவிடுமோ என்று பயந்து, பேட்டரி பாதிக்கு இறங்கியதுமே இஷ்பெல் டீசலை முடுக்கிவிடுவாள். செப்டம்பரில் அவன் போனான். பயப்பட ஒன்றுமில்லாமல் போயிற்று. நாள்கள் தாமாகவே சேர்ந்தன.

ஆளில்லாத வீட்டுக்கு மின்கூடம் தேவலை என்று பகலெல்லாம் ஊரின் மின்செலவைக் கோடாகக் காட்டும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். ஊரே அணைத்த பிறகும் அடியில் ஒரு கோடு ஓடும்: ஃப்ரிட்ஜ், தண்ணீர் பம்ப், போன் டவர். இரண்டு வருடம் அந்தக் கோட்டில் ரூரியின் மூச்சும் முந்நூறு வாட்டாக இருந்தது. அவன் போன அன்று கோடு ஒரு படி இறங்கியதை அவள் மட்டும்தான் பார்த்தாள்.

நேற்று அதே படி ஏறியிருந்தது. இன்று மத்தியானம் பொத்தென்று இறங்கியது.

நேற்றைய படகில் மர்டோவுக்கு ஆஸ்பத்திரிப் பெட்டி ஒன்று வந்தது. போனை எடுத்தாள்.

"மர்டோ அண்ணே, மெஷினை அணைச்சிட்டீங்களா?"

"வேவு பாக்கிறியா?" பழைய தபால் படகுக்காரர் இருமினார். "சிவப்பு போட்டது நீதானேம்மா? நான் மட்டும் சொகுசா ஓட்டிக்கிட்டிருந்தா ஊரு காறித் துப்பாது?"

"அது என்ன துணி துவைக்கிற மெஷினா? மூச்சு விடுற மெஷின்!"

"மூணே நாள். அசையாம உக்காந்திருப்பேன். ரூரி சொன்ன நூறு..." வார்த்தைக்கு வார்த்தை இழுத்தது. அந்தச் சத்தம் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"நான் வந்து போட்டுவிடட்டுமா?"

"சிவப்பு எரியிற வரைக்கும் யாரு வந்தாலும் போட மாட்டேன். டீயும் கிடையாது."

"பச்சை எரிஞ்சா?"

"அதுக்கு டீசல் ஓடணுமே. ஓட்டித் தொலைக்காதே, சொல்லிட்டேன்!"

இஷ்பெல் போனை வைத்தாள். ஜெனரேட்டர் அறைக்குப் போய்ச் சாவியைத் திருப்பினாள். தொண்ணூற்றேழு நாள் தூங்கிய இயந்திரம் இருமி, புகை கக்கி, உறுமியது. விளக்கைப் பச்சையாக்கினாள். சுவரில் சாக்பீஸால் எழுதியிருந்த எண்ணைத் துடைத்துவிட்டுச் சைபர் போட்டாள்.

திரும்பி வந்தபோது கோடு அதே முந்நூறு வாட் படி ஏறியிருந்தது. கொஞ்ச நேரத்தில் கெட்டில்களும் அடுப்புகளும் சேர்ந்துகொள்ள, அந்தப் படி அவற்றுக்குள் காணாமல் போய்விடும்.

அதற்குள் பார்த்துவிட வேண்டும். இஷ்பெல் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.