ஆண்கள் பாடும் வரி

கீபோர்டின் கோரஸ் பொத்தானை அழுத்தியவன் நான்தான். புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ, தெரியவில்லை.

புயல் அடித்த நாற்பதாம் நாள் சாயங்காலம், மாதா கோயிலில் பாட்டுப் பயிற்சி. மறுநாள் இறந்தவர்களுக்கான பூசை. எங்கள் பாடகர் குழுவில் நான் கீபோர்டு வாசிப்பவன்; பாடுகிற ஆண்கள் ஐந்து பேர். ஐந்து பேரும் புயலன்று ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போனவர்கள். ஒரு உடல்கூடக் கரைக்கு வரவில்லை. பூசையில் அவர்கள் பேரை வாசிக்க வேண்டும். சுஜின் பேரை மட்டும் அவன் மனைவி லீமா தரவே இல்லை. உடலைப் பார்க்காமல் பேரைக் கொடுத்தால் நானே கொன்ற மாதிரி என்றாள். ஃபாதர் மூன்று தடவை வீட்டுக்குப் போய்ப் பேசி, அன்று காலையில்தான் அரைமனதாய்ப் பேர்த் தாளின் கடைசியில் எழுதித் தந்தாள்.

எங்கள் கோயிலில் ஒரு வரி பெண்கள், அடுத்த வரி ஆண்கள். பெண்கள் பாடி நிறுத்தியதும் ஆண்கள் வரியில் ஒன்றுமே இல்லை. என்னால் தாங்க முடியவில்லை. கீபோர்டில் ஆண்குரல் போன்ற ஒலியை வைத்து, கோரஸையும் போட்டேன். அந்தக் கீபோர்டைத் துபாயிலிருந்து கொண்டுவந்தவன் சுஜின். கோரஸ் என்றால் என்னவென்று சொல்லித் தந்தவனும் அவன்தான். "ஒரே சத்தத்த நாலஞ்சா நகலெடுத்து, இம்மி பிந்த விட்டு, சுருதிய லேசா ஆட்டி விடும்ணே. எல்லாரும் கணக்கா பாடுனா ஒராளு பாடுத மாதிரி இருக்கும். ஒருத்தன் பிந்தணும், அப்பத்தான் கூட்டம்." பாட்டில் எப்போதும் பிந்துகிறவன் அவன்தான். அதற்காக எத்தனை ஏச்சு ஏசியிருக்கிறேன், பாவி நான்.

ஆண்கள் வரியை வாசித்தேன். பெண்கள் அத்தனை பேரும் ஒன்றுபோலப் பின்பக்கத்து ஆண்கள் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள். அது காலியாகத்தான் கிடந்தது. ஒருத்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். லீமா அழவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அந்தப் பிந்துத சத்தம் கேட்டியளாண்ணே? அவியளாக்கும்."

"எந்திரம் மக்கா. ஒரே சத்தந்தான். நாந்தான் பொத்தான அமுக்கினேன்."

"தெரியும்ணே."

வாசக மேடைக்குப் போய்ப் பேர்த் தாளை எடுத்தாள். பேனாவால் கடைசிப் பேரைத் தாள் கிழியும்வரை அடித்தாள்.

"மத்த நாலு பேருக்கும் வாசிக்கட்டு. அவியளுக்க பேரு வேண்டாம்."

கடைசிச் சுரம் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது. நான் கட்டையிலிருந்து விரலை எடுக்கப் போனேன்.

"எடுக்காதியண்ணே," என்றாள்.

ஆண்கள் பெஞ்சின் ஓரத்தில், பக்கத்தில் ஓர் ஆள் இருக்கும் இடம் விட்டு உட்கார்ந்தாள். ஃபாதர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். என் விரல் கட்டையிலேயே இருந்தது.