ஔந்துக்கு வராத கப்பல்

நீலாவைப் பேச்சலர் என்று முதலில் சொன்னவர் புணே சிஞ்ச்வட்டில் ஒரு குடியிருப்புச் சொசைட்டியின் செகரட்டரி. ஒன்பது வயது மகள் ஸ்ரீரஞ்சனி பக்கத்து நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அந்த மனுஷன் கூசாமல் சொன்னார். வீட்டில் ஆண் கிடையாது, அதனால் ஃபேமிலி கணக்கில் வராது, பேச்சலர்களுக்கு நாங்கள் வீடு கொடுப்பதில்லை.

"அப்ப இவ யாரு? என் ரூம்மேட்டா?" என்று நீலா ஹிந்தியில் கேட்டாள். கோயம்புத்தூரில் பரீட்சை எழுதித் தேறிய ஹிந்தி அது. கோபம் வந்தால்தான் சரளமாக வரும். செகரட்டரி எழுந்து போய் ஃபேனை நிறுத்தினார்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம், மார்ச் மாதம். கோயம்புத்தூர்க் கிளையை மூடுகிறோம், புணேக்குப் போகிறாயா, ராஜினாமா கொடுக்கிறாயா என்று கம்பெனி கேட்டபோது நீலா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. விவாகரத்துத் தீர்ப்பு வந்து இரண்டு வருஷமாகியும், மளிகைக்கடைக்குப் போனால்கூட "அவரு எப்படி இருக்காருங்க?" என்று கேட்கிற ஊரில் எத்தனை நாள்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது? புணேயில் யாருக்கும் தன்னைத் தெரியாது என்று நம்பி ரயிலேறினாள். தெரியாதவர்கள்தான் இன்னும் அதிகமாகக் கேட்பார்கள் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

ஆபீஸில் எல்லோரும் ஒரே குரலில் ஔந்துக்குப் போ என்றார்கள். பள்ளிக்கூடம், பூங்கா, டாக்டர் எல்லாம் பக்கத்தில், பிள்ளை குட்டிக்காரர்களுக்கு அதை விட்டால் வேறு இடமே இல்லை. நீலா முதலில் போய்ப் பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கினாள். அங்கே சேர்த்துக்கொண்டுவிட்டார்கள். வீடுதான் கிடைக்கவில்லை.

அவளைப் போலவே கிளை மாறி வந்தவன் முகமது ரஃபீக், வாணியம்பாடிக்காரன். மனைவி, இரண்டு குழந்தைகள். ஃபேமிலி என்றால் ஆணியடித்த மாதிரி ஃபேமிலி. அவனுக்கும் ஔந்தில் கதவு திறக்கவில்லை. கடைசியில் போபோடியில் ஒரு தையல்கடை மாடியில் வீடு பிடித்தான். வீட்டுக்காரர் அவனிடம் கேட்டதெல்லாம், தண்ணீர் விடியற்காலையில்தான் வரும், எழுந்திருப்பீர்களா என்பது மட்டும். பக்கத்திலேயே இன்னொரு போர்ஷன் காலியாக இருந்தது. நீலாவுக்கு ஆசைதான். ஆனால் அங்கிருந்து பள்ளிக்கூடம் போக ஒன்பது வயதுப் பெண் நெடுஞ்சாலையைத் தாண்ட வேண்டும். அவளைத் தனியாக அனுப்பிவிட்டு ஆபீஸில் எப்படி உட்கார்ந்திருப்பது?

இந்த இடத்தில்தான் ருக்மிணி மாமி வந்தாள். கோயம்புத்தூர் ஆபீஸில் கூட வேலை பார்த்த ஜெயந்தின் பெரியம்மா. மாமியின் கணவர் சேஷு, கட்கி தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இருபத்தைந்து வருஷப் புணே வாசம். மாமிக்குக் காய்கறி எல்லாம் 'பாஜி' ஆகிப் பல காலம் ஆயிற்று. தன்னுடைய பில்டிங்கிலேயே, ஔந்தில், இரண்டாம் மாடியில் ஒரு ஃபிளாட் காலி என்று நீலாவைக் கையோடு செகரட்டரி லிமயேயிடம் அழைத்துப்போனாள். லிமயே கேட்க வேண்டியதைக் கேட்டார். நீலா வாயைத் திறப்பதற்குள் மாமி மராத்தியில் பதில் சொல்லி முடித்துவிட்டாள். லிமயே சிரித்தார், தலையாட்டினார், நாசிக்கில் இருக்கும் ஓனர் கொடுத்துவைத்திருந்த சாவியை எடுத்துக் கொடுத்தார்.

படியிறங்கும்போது நீலா கேட்டாள், "என்னங்க மாமி சொன்னீங்க?"

"உங்காத்துக்காரர் கப்பல்ல இருக்கார்னேன். மர்ச்சன்ட் நேவி. வருஷத்துல ஒரு தரம் வருவார்னேன்."

"எனக்கு இது சரிப்படாதுங்க மாமி."

"அசடு மாதிரிப் பேசாதே. இங்கே வந்தவா எல்லாரும் ஏதோ ஒரு பொய்யச் சொல்லிண்டுதான் உள்ளே வந்தோம். நாங்க வந்தப்போ, பூண்டு வெங்காயமே தொடமாட்டோம்னு சொன்னோம். மாமா வெங்காய சாம்பார் இல்லாம ஒரு நாள் இருந்திருப்பாரா? குழந்தைகிட்டயும் சொல்லி வை."

நீலாவுக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது. ஆனால் பள்ளிக்கூடத்தின் மணிச் சத்தம் அந்தப் படிக்கட்டு வரைக்கும் கேட்டது. விழுங்கிக்கொண்டாள். அன்று சாயங்காலம் மகளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, யாராவது கேட்டால் அப்பா கப்பலில் இருக்கிறார் என்று சொல்லு சாமி என்றாள். சொல்லும்போதே நாக்கு கசந்தது. குழந்தை ஏன் என்றுகூடக் கேட்கவில்லை, சரி என்றது.

மறுநாளைக்கு ஆபீஸில் ரஃபீக்கிடம் சொன்னாள். அவன் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான், "உங்களுக்கு ஒரு பொய் போதும் மேடம். எனக்குப் பேரையே மாத்தணும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நீலாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

வீடு நன்றாகத்தான் இருந்தது. பால்கனியில் காற்று வந்தது. கீழே சிமெண்ட் தரையில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடினார்கள். கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் 'ஒன்லி ஃபேமிலீஸ்' என்று போர்டு மாட்டியிருந்தது. ஸ்ரீரஞ்சனி ஒரே மாதத்தில் மராத்தியில் சண்டை போடக் கற்றுக்கொண்டாள். கீழ்வீட்டு ப்ரீதி அவளுக்கு உயிர்த்தோழி. இதற்குத்தானே வந்தோம் என்று நீலா மனசைத் தேற்றிக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து மகளின் குரல் கேட்டது. அப்பாவின் கப்பல் இப்போது சிங்கப்பூரில் நிற்கிறதாம். அப்பாதான் கேப்டனாம். தீபாவளிக்கு வரும்போது சைக்கிள் கொண்டு வருவாராம். ப்ரீதி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நீலா கையிலிருந்த துணியைப் பிழியாமல் அப்படியே வாளியில் போட்டாள்.

தண்ணீர் குடிக்க மேலே வந்த மகளைப் பிடித்து நிறுத்தினாள். "ஏஞ்சாமி, தீபாவளிக்கு யாரு வர்றாங்க?"

"நீதானம்மா கப்பல்னு சொல்லச் சொன்ன? வெறுங் கப்பல்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க." குழந்தை டம்ளரை வைத்துவிட்டு ஒரு நிமிஷம் நின்றாள். "அம்மா, கப்பல்ல போன் இருக்காதில்ல? அதனாலதான் அப்பா போன் பண்றதில்லைன்னு வச்சுக்கலாமில்ல?"

 அந்த ஆள் கோயம்புத்தூரில், கையெட்டும் தூரத்தில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இரண்டு வருஷத்தில் மகளுக்கு என்று ஒரு தரம் டயல் செய்ததில்லை. அந்த வெட்கங்கெட்டவனுக்கு, போன் செய்யாமலிருக்க ஒரு நல்ல காரணத்தைத் தான் அல்லவா கட்டிக் கொடுத்திருக்கிறோம்! அவனைக் கேப்டனாக்கிக் கப்பலேற்றியிருக்கிறோம். பெண் அவனுக்காகத் தீபாவளி வரை காத்திருக்கப் போகிறாள். அவன் வரமாட்டான். அப்புறம் அதற்கும் ஒரு பொய். ஒரு வீட்டுக்காக இதையா பெண் தலையில் கட்டினேன் என்று நினைத்தபோது அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

மகளை அங்கேயே உட்கார வைத்துச் சொன்னாள். அப்பா எந்தக் கப்பலிலும் இல்லை, கோயம்புத்தூரில்தான் இருக்கிறார், வரமாட்டார், நான் சொல்லிக் கொடுத்தது பொய், தப்பு என்னுது. ஸ்ரீரஞ்சனி அழவில்லை. "அப்ப ப்ரீதிகிட்ட என்ன சொல்றது?" என்று மட்டும் கேட்டாள்.

"பெரியவங்ககிட்ட மொதல்ல நான் சொல்லீர்றேன். அப்பறம் உனக்குத் தோணினா நீ சொல்லு."

அதற்கான வேளை தானாகவே வந்தது. அந்த வாரமே லிமயேயின் மனைவி, பில்டிங் முழுக்க 'காகு' என்று அழைக்கிற அம்மாள், சைத்ர மாத மஞ்சள் குங்குமத்துக்குக் கூப்பிட்டிருந்தாள். ருக்மிணி மாமி ஒன்பது கஜத்தில் வந்து நீலாவையும் இழுத்துக்கொண்டு போனாள். படியாக அலங்கரித்து மேலே கௌரியை உட்கார வைத்திருந்தார்கள். மாங்காய்த் துருவல் போட்ட கடலைப்பருப்பு, ஏலக்காய் மணக்கும் மாங்காய்ப் பானகம். பில்டிங்கின் அத்தனை பெண்களும் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

குங்குமம் கொடுப்பதற்கு முன்னால் பேர் சொல்லச் சொன்னார்கள். மராத்திப் பெண்களின் வழக்கம் அது. இரண்டு வரி பாட்டுக் கட்டி, இரண்டாவது வரிக்குள் புருஷன் பேரைக் கோத்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள், வெட்கப்பட்டார்கள், மற்றவர்கள் கேலி செய்தார்கள். மாமியின் முறை வந்தது. வீட்டில் அவரை 'ஏன்னா' என்று தவிர வேறு விதமாகக் கூப்பிட்டறியாத மாமி, இங்கே கணீரென்று "சேஷுராவ்" என்று சொல்லிக் கைதட்டு வாங்கினாள்.

"இப்ப நம்ம கேப்டன் சம்சாரம்," என்றாள் காகு. எல்லோரும் திரும்பினார்கள். மாமி நீலாவின் முழங்காலை ஒரு தட்டுத் தட்டி, "ஏதாவது பேரச் சொல்லி வை," என்று தமிழில் முணுமுணுத்தாள்.

 நீலாவுக்குப் பயம்தான், இல்லையென்று சொல்வானேன்? சாவியைத் திரும்பக் கேட்பார்கள், பள்ளிக்கூடம் போகும், திரும்பவும் ஏஜென்ட் வண்டியில் வெயிலில் அலைய வேண்டும். எல்லாம் தெரிந்தேதான் பானகத்தைக் கீழே வைத்தாள்.

"எனக்குப் பாட்டுக் கட்டத் தெரியாது," என்றாள் ஹிந்தியில். "பேர் சொல்றேன். ஸ்ரீரஞ்சனி. என் வீட்ல என்னோட இருக்கறது அவ ஒருத்திதான். கேப்டனும் கிடையாது, கப்பலும் கிடையாது. எனக்கு விவாகரத்து ஆகி ரெண்டு வருஷமாச்சு. உங்ககிட்ட வீட்டுக்காகச் சொன்ன பொய் அது, அதுக்கு மன்னிப்புக் கேக்கறேன். விவாகரத்துக்கு மன்னிப்புக் கேக்க மாட்டேன்."

 மாமி தலையைக் குனிந்துகொண்டாள். காகுவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. குங்குமத் தட்டை எடுத்து, வரிசையாக ஒவ்வொரு நெற்றியிலும் வைத்துக்கொண்டு வந்தாள். நீலாவுக்கு முன்னால் வந்ததும் கை நின்றது. விரல் குங்குமத்தில், கண் வேறெங்கோ.

நீலா காத்திருக்கவில்லை. தானே தட்டில் மோதிர விரலால் தொட்டு, தன் நெற்றியில் அழுத்தி வைத்துக்கொண்டாள்.

"தொட்டில்ல கிடந்தப்பவே எங்கம்மா வச்சுவிட்ட பொட்டு, காகு. அந்த ஆள் கொண்டு வந்து குடுத்ததில்ல, அவன் எடுத்துட்டுப் போறதுக்கு."

எழுந்து, ஒரு கிண்ணம் பருப்பையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். மகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

மாமி பின்னாலேயே ஓடி வந்தாள். "என் மானத்த வாங்கிட்டியேடி. இருபத்தஞ்சு வருஷமா இவா நடுவுல தலை நிமிர்ந்து இருந்தேன்."

"நீங்க செஞ்ச உதவிய நான் மறக்க மாட்டனுங்க மாமி. ஆனா எம் பொண்ணு வராத கப்பலுக்குக் காத்திட்டிருந்தாளுங்க. அத என்னால பாத்துட்டிருக்க முடியலீங்க."

மாமி விடுவிடுவென்று படியேறிப் போய்விட்டாள். அப்புறம் பல மாதம் பேசவில்லை.

மறுநாள் சாயங்காலம் லிமயேயும் கமிட்டி ஆள் ஒருவரும் வந்தார்கள். நீலா உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். லிமயே மோசமான மனிதர் இல்லை. ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறதாம். ஃபேமிலிக்கு மட்டும் என்று கேட்டிலேயே எழுதியிருக்கிறதாம். மாதக் கடைசிக்குள் காலி செய்துவிட்டால் எல்லோருக்கும் நல்லதாம்.

"காலி பண்ண மாட்டேங்க," என்றாள் நீலா. "பதினோரு மாச அக்ரிமென்ட் இருக்கு. நாசிக்ல இருக்கற ஓனருக்கு நேத்தே போன் பண்ணி நானே எல்லாத்தையும் சொல்லிட்டேன். வாடகை ஒழுங்கா வருது, வீடு சுத்தமா இருக்கு, எனக்கு வேற என்ன வேணும்னு கேட்டார்."

"பதினோரு மாசத்துக்கு அப்புறம்?"

"சி விங்ல மூணாம் மாடி விலைக்கு வருதுன்னு கேள்விப்பட்டேன். லோனுக்குக் கேட்டிருக்கேன். அப்ப வாடகைக்காரி இல்ல, உங்க சொசைட்டி மெம்பர் ஆயிருவேன். கமிட்டிக்கும் நிப்பேன். போபோடியிலிருந்து ஒரு குடும்பத்த இங்க கூட்டிட்டு வர்ற வேலை பாக்கி இருக்கு."

லோனுக்கு அவள் இன்னும் கேட்டிருக்கவில்லை. நாளைக்குப் போய்க் கேட்டுவிடலாம் என்று அந்த நிமிஷத்தில் முடிவு செய்தாள்.

லிமயே கதவருகே செருப்பை மாட்டிக்கொண்டு தயங்கினார். "அந்த போர்டு..." என்றார்.

"அது இருக்கட்டும் சார். அதுல எந்தத் தப்பும் இல்ல. நாங்க ஃபேமிலிதான்."

அவர்கள் இறங்கிப் போனதும் நீலா பால்கனிக்கு வந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். லிமயே சிமெண்ட் தரையைத் தாண்டிப் போவதைப் பார்த்துவிட்டு ப்ரீதி விளையாட்டை நிறுத்தினாள். அவள் வீட்டில் நேற்றே பேசியிருப்பார்கள் போலிருக்கிறது.

"உங்கப்பா கப்பல்ல இல்லையாமே?" என்று கேட்டாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

 கீழே ஓடிப்போய் நடுவில் நிற்கலாமா என்று நீலாவுக்கு ஒரு கணம் தோன்றியது.

ஸ்ரீரஞ்சனி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "இல்ல," என்றாள் மராத்தியில். "அது பொய். எங்க வீட்ல நானும் எங்கம்மாவும்தான். சைக்கிள் எங்கம்மா வாங்கித் தருவா." அப்புறம் ப்ரீதியின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். "அவுட். இப்ப நீதான் பிடிக்கணும்," என்று சொல்லிவிட்டு ஓட ஆரம்பித்தாள்.

ப்ரீதி ஒரு நொடி நின்றாள். பிறகு துரத்திக்கொண்டு ஓடினாள்.